வெறும் வயிற்றில் 112

விடிந்தும் விடியாத ஐந்தே முக்கால் மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தால் மனம் முதலில் கெட்டதைத்தான் நினைக்கும். அன்று அவள் குரலில் பதற்றம் இல்லை. கோபம் இருந்தது.

"நைட்டு ரெண்டே ரெண்டு சப்பாத்திடா. தொட்டுக்க சுரைக்காய்க் கூட்டு. அதுக்கப்புறம் பச்சத்தண்ணி மட்டுந்தான். காலையில எந்திரிச்சு விரல்ல குத்திப் பாத்தா 112. இந்தச் சர்க்கரை எங்கேருந்துடா வந்துச்சு?"

அக்காவுக்கு 48 வயது. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'ப்ரீ டயாபடிஸ்' என்று வந்தது. வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் அந்தப் பெயர். 126-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் சர்க்கரை நோய். அன்றிலிருந்து அவள் காபியில் சர்க்கரை போடுவதில்லை. இரவில் சோற்றைத் தொடுவதில்லை. மாலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறாள். சாப்பிட்ட பிறகு பார்க்கும் அளவு ஒழுங்காகத்தான் இருக்கிறது. வெறும் வயிற்று அளவு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

நான் பதில் யோசிப்பதற்குள் அவளே முடித்துவிட்டாள். "அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு. அவ்வளவுதான், விடு."

அவள் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி. அவளே சொல்லிக்கொண்ட பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தேடித்தான் சிகாகோவிலும் ஃபின்லாந்திலும் ஸ்பெயினிலும் கால் நூற்றாண்டாக ஆய்வு நடந்திருக்கிறது. அவளுக்குப் போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கிலிருந்தே தொடங்கலாம். உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 'சுகர் 90' என்றால் 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ். ஐந்து லிட்டருக்கு நாலரை கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை! தலை முதல் கால் வரை ஓடும் ரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் இருப்பது அவ்வளவே. அக்காவின் 112-ஐ இதே கணக்கில் போட்டால் 5.6 கிராம். 90-க்கும் 112-க்கும் இடையில் இருப்பது கால் டீஸ்பூன். வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படுமா, படாதா என்பது இந்தக் கால் டீஸ்பூனைச் சுற்றித்தான் நடக்கிறது. (வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அளவை வைத்துக் கலங்க வேண்டாம். பல நாள் அளவுகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.)

மூளை மட்டுமே மணிக்கு ஐந்து கிராம் போலக் குளுக்கோஸ் தின்னும். அப்படியானால் ரத்தத்தில் இருக்கும் ஒரு டீஸ்பூன் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனாலும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் கிடக்கிறோம், காலையில் நல்லபடியாகவே எழுந்திருக்கிறோம். இடையில் ஊட்டியது யார்? கல்லீரல். பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்து, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. கையிருப்பு குறையும்போது புதிதாகக் குளுக்கோஸைத் தயாரிக்கவும் செய்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு ஏழு கிராம் போல. விடிவதற்குள் ஐம்பது கிராமுக்கு மேல் போய்விடும்.

ஆக, அக்கா, உன் சர்க்கரை சப்பாத்தியிலிருந்து வரவில்லை. உன் கல்லீரலிலிருந்து வந்தது. அது வரத்தான் வேண்டும், வராவிட்டால் மயங்கி விழுந்திருப்பாய். எவ்வளவு விடலாம் என்று கல்லீரலுக்குச் சொல்வது கணையத்தின் பீட்டா செல்களிலிருந்து வரும் இன்சுலின். இரவு முழுக்க மெல்லிதாகக் கசிந்துகொண்டிருக்கும் அந்த இன்சுலின் 'போதும், நிறுத்து' என்று சொன்னபடி இருக்கும். அது குறைந்தாலோ, அதன் பேச்சைக் கல்லீரல் கேட்காமல் போனாலோ, கால் டீஸ்பூன் கூடிவிடும். அந்தப் பேச்சு எடுபடுவது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: அப்பா அம்மாவிடமிருந்து வந்தது ஒன்று, நேற்று ராத்திரி எப்படித் தூங்கினோம் என்பது மற்றொன்று. நாற்பது வயதுக்கு மேல் இவை இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

தூக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. சர்க்கரை கூடியிருக்கிறது என்றால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்போம், நடக்கிறாயா என்று கேட்போம். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

1999 வரை மருத்துவ உலகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. தூக்கம் மூளைக்குத்தான், உடம்புக்கு அதனால் பெரிய லாப நஷ்டம் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அந்த ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டரும் கரின் ஸ்பீகலும் ரஷேல் லெப்ரூவும் 11 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்தார்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாதவர்கள். தொடர்ந்து ஆறு இரவுகள் படுக்கையில் நான்கு மணி நேரம் மட்டும். பிறகு அதே ஆட்களுக்கு, ஈடுகட்ட, இரவுக்கு 12 மணி நேரம். இரண்டு கட்டத்திலும் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றி, உடம்பு எவ்வளவு வேகமாக அதை அப்புறப்படுத்துகிறது என்று அளந்தார்கள். தூக்கம் கெட்ட நாட்களில் அந்த வேகம் 40 சதவீதம் குறைந்திருந்தது. நல்ல உடம்புள்ள இளைஞனின் குளுக்கோஸ் அளவுகள், சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் ஒருவருடையதைப் போல ஆகிவிட்டன. ஆறே இரவுகளில்! லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் இந்தத் துறையே பிறந்தது எனலாம்.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது அதே குழுவிலிருந்து 2008-இல் எஸ்ரா தசாலி முன்னின்று செய்த இன்னொரு சோதனை. இதில் தூக்கத்தின் நேரத்தைக் குறைக்கவே இல்லை. படுக்கை அருகே ஒலிபெருக்கி. தூங்குபவரின் தலையில் ஒட்டிய மின்முனைகள் மூளை அலைகளைப் பக்கத்து அறைத் திரையில் வரைந்துகொண்டிருக்கும். ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது அந்த அலைகள் உயர்ந்து, அகன்று, மெதுவாகும். அந்த அலை தலைகாட்டிய உடனே ஒரு சின்னச் சத்தம் கொடுப்பார்கள். ஆளை எழுப்பிவிடும் அளவுக்கு இல்லை, ஆழத்திலிருந்து மேலே இழுக்கும் அளவுக்கு மட்டும். மறுபடி ஆழம் போனால் மறுபடி சத்தம். மொத்தத் தூக்க நேரம் மாறவில்லை, ஆழம் மட்டும் பறிபோனது. மூன்றே இரவுகளில், இதில் கலந்துகொண்ட ஒன்பது இளைஞர், இளம்பெண்களின் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படும் திறன் சுமார் 25 சதவீதம் குறைந்தது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதை ஈடுகட்டவும் இல்லை.

'நான் ஏழு மணி நேரம் தூங்குறேனே' என்று சொல்லிக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நேரம் ஒரு கணக்கு, ஆழம் இன்னொரு கணக்கு.

இந்த ஆழம்தான் நடுவயதில் சத்தமில்லாமல் போய்விடுகிறது. வான் காட்டர் 2000-இல் ஜாமா இதழில் 16 முதல் 83 வயது வரையுள்ள 149 ஆரோக்கியமான ஆண்களின் தூக்கப் பதிவுகளைத் தொகுத்து எழுதினார். 16–25 வயதில் தூக்கத்தில் 18.9 சதவீதம் ஆழ்ந்த உறக்கம். 36–50 வயதில்? 3.4 சதவீதம். ஏழரை மணி நேரத் தூக்கம் என்று வைத்தால், இருபது வயதில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆழத்தில் கிடந்தவர் நாற்பதுகளில் கால் மணி நேரம்தான் கிடக்கிறார். இந்தச் சரிவு அறுபதில் வரும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். அது அதற்கு வெகு முன்பே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயதிலேயே முடிந்துவிடுகிறது. இளமையில் முதல் உறக்கத்தோடு பெருகி வரும் வளர்ச்சி ஹார்மோனும் அதோடு சேர்ந்து வற்றுகிறது.

அந்தக் கால் மணி நேரத்தையும் சத்தத்தால், கொசுவால், போனால், குறட்டையால் கெடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆழத்தில் இருக்கும்போது உடம்பின் பரபரப்பு நரம்புகள் அடங்கி, கார்டிசால் என்ற ஹார்மோனும் தாழ்ந்து கிடக்கும். கலைந்தால் இரண்டும் எழும். இரண்டுமே கல்லீரலிடம் 'இன்னும் கொஞ்சம் விடு' என்று சொல்பவை. கொழுப்புச் செல்களும் இதில் தப்புவதில்லை. 2012-இல் சிகாகோவில் ஏழு பேரை நான்கு இரவுகள் நாலரை மணி நேரம் மட்டும் தூங்க விட்டு, வயிற்றிலிருந்து துளி கொழுப்பை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் சோதித்தார்கள். அந்தச் செல்கள் இன்சுலினுக்குப் பதில் சொல்லும் திறன் 30 சதவீதம் குறைந்திருந்தது. தூக்கம் கெட்டது மூளையில், உறைத்தது தொப்பையில்.

இனி அப்பாவிடம் வருவோம்.

சர்க்கரை நோய் குடும்பத்தில் இறங்கும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 'இறங்குவது' என்ன? ஒற்றை மரபணு ஒன்றுதான் வந்து உட்கார்கிறது என்ற எண்ணம் தவறு. 25 லட்சம் பேரின் மரபுத் தகவலை ஒன்றாக வைத்துப் பார்த்து 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மரபணுத் தொகுதியில் 611 இடங்கள் இந்த நோயோடு தொடர்புடையவை என்று காட்டியது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கொசுறு. சேர்ந்தால்தான் எடை. அந்த 611-இல் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகப் பேசப் போகிறேன், ஏனென்றால் அது இரவில் வேலை செய்வது.

2009 ஜனவரியில் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரே சமயத்தில் மூன்று கட்டுரைகள் வந்தன. ஐரோப்பாவின் வெவ்வேறு குழுக்கள், கைகாட்டியது ஒரே இடம்: 11-ஆவது குரோமோசோமில் எம்டிஎன்ஆர்1பி என்ற மரபணு. வெறும் வயிற்றுச் சர்க்கரை யாருக்குக் கூடுதலாக இருக்கிறது என்று தேடிப் போனவர்களுக்கு, இன்சுலினைப் பற்றிய மரபணு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. கிடைத்ததோ மெலடோனினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைத் தயாரிக்கும் மரபணு. மெலடோனின் என்றால் இருட்டின் ஹார்மோன். வெளிச்சம் மங்கியதும், வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு, மூளையின் பீனியல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் ஏறத் தொடங்கும். 'ராத்திரி ஆகிவிட்டது' என்று உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் செய்தி சொல்லும். அதற்கும் காலைச் சர்க்கரைக்கும் என்ன உறவு?

மெலடோனின் ஏற்பிகள் கணையத்தின் பீட்டா செல்களிலும் இருக்கின்றன. மெலடோனின் அங்கே வந்து ஒட்டினால் இன்சுலின் சுரப்பு தணிகிறது. இதில் அறிவு இருக்கிறது. இரவு பட்டினி நேரம்; அப்போது இன்சுலின் தாராளமாகச் சுரந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். தூங்குபவரைக் காப்பாற்ற இயற்கை வைத்த ஏற்பாடு அது. அந்த மரபணுவில் ஓர் எழுத்து சி-யாக இருப்பதற்குப் பதில் சிலருக்கு ஜி-யாக இருக்கிறது. ஏற்பியின் வடிவம் இதனால் மாறுவதில்லை. பீட்டா செல்லில் எத்தனை ஏற்பிகள் என்பதுதான் கூடுகிறது. எண்ணிக்கை கூடினால் இரவின் செய்தி உரக்கக் கேட்கும். இன்சுலின் இன்னும் தணியும். ஜி எழுத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் வெறும் வயிற்று அளவு ஒன்றேகால் மில்லிகிராம் போல உயர்கிறது. இது அரிய மரபணு வகையும் இல்லை. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஒரு பிரதியாவது இருக்கிறது. நம் நாட்டிலும் பரவலாக உண்டு.

ஒன்றேகால் மில்லிகிராம் தானே என்று தோன்றும். மரபணுவைத் தனியே வைத்துப் பார்த்தால் அவ்வளவுதான். அதை ஒரு சமையலறைக்குள் கொண்டுபோய் விட்டால்தான் கதை மாறும்.

ஸ்பெயின் நாட்டு முர்சியா நகரத்தில் அதைத்தான் செய்தார்கள். அங்கே இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு என்பது வழக்கம். முர்சியா பல்கலைக்கழகத்தின் மார்த்தா கராவுலெட், பாஸ்டனைச் சேர்ந்த ஃபிராங்க் ஷேர், ரிச்சா சக்சேனா ஆகியோருடன் சேர்ந்து 845 பேரை வரவழைத்தார். ஒவ்வொருவரும் இரண்டு மாலைகள் வர வேண்டும். இரண்டு முறையும் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். ஒரு மாலை, தன் வழக்கமான படுக்கை நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு. இன்னொரு மாலை, ஒரே ஒரு மணி நேரம் முன்பு. அதே ஆள், அதே 75 கிராம், கடிகாரம் மட்டும் வேறு.

தாமதமான மாலையில் ரத்தத்தில் மெலடோனின் மூன்றரை மடங்கு கூடுதல். இன்சுலின் 6.7 சதவீதம் குறைவு. குளுக்கோஸ் 8.3 சதவீதம் அதிகம். ஜி எழுத்து உள்ளவர்களிடம் இந்தக் கெடுதல் கூடுதலாகத் தெரிந்தது. இன்சுலின் சுரப்பு தடுமாறியது முக்கியமாக அவர்களிடம்தான். 2022-இல் டயாபடிஸ் கேர் இதழில் வெளிவந்தது இது.

இதைப் படித்த அன்று நான் அக்கா வீட்டு இரவைத்தான் நினைத்துக்கொண்டேன். மாமா கடையைச் சாத்திவிட்டு வர ஒன்பதேகால். பையன் டியூஷன் முடிந்து வர ஒன்பது. எல்லோருக்கும் சுடச்சுடப் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் தட்டைக் கையில் எடுக்கும்போது மணி பத்து. பாத்திரம் ஒழித்து, மேடை துடைத்து, மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டு, பத்தே முக்காலுக்குப் படுக்கிறாள். இரண்டே சப்பாத்திதான். ஆனால் அவை வயிற்றில் விழுந்த நேரத்தில் அவள் கணையம் ஏற்கெனவே கடையைப் பாதி சாத்திவிட்டிருந்தது. காலையில் நாலே முக்காலுக்கு அலாரம். ஐந்தரைக்குள் மூன்று பேருக்கு டிபனும் மதியச் சாப்பாடும் அடுப்பில் இருக்க வேண்டும். ஜி வகை உள்ளவர்களிடம் மெலடோனின் காலையில் இறங்கவும் தாமதமாகிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவள் விரலில் குத்தும் அந்த நேரத்தில் உடம்பின் கணக்குப்படி இன்னும் ராத்திரியே முடியாமல் இருந்திருக்கலாம். அதோடு விடியலுக்கு முன் இயல்பாகவே கார்டிசால் ஏறும். கல்லீரல் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் இரவும் இப்படித்தான் இருந்தது. இரண்டாம் ஷிப்ட் முடித்து, சைக்கிளில் வீடு வந்து, பதினொரு மணிக்குச் சோறும் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நாங்கள் அவரிடமிருந்து மரபணுவை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. சாப்பிடும் நேரத்தையும் வாங்கிக்கொண்டோம். 'பரம்பரை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் இவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்கக் கூடியது இரண்டாவது.

மெலடோனினை மாத்திரையாகக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஃபின்லாந்தின் மேற்குக் கரையில் போட்னியா பகுதியில் 1990-லிருந்து சர்க்கரை நோய்க் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அங்கிருந்து நோய் இல்லாதவர்களாக, இரண்டு ஜி பிரதி உள்ளவர்கள் 23 பேரையும் ஒன்றும் இல்லாதவர்கள் 22 பேரையும் பொறுக்கி, மூன்று மாதம் தினமும் படுக்கும்போது 4 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தார்கள். ஜி உள்ளவர்களிடம் இன்சுலின் சுரப்பு தெளிவாகக் குறைந்து, சர்க்கரை கூடியது. தூக்கத்துக்கு நல்லது என்று நண்பர் சொன்னார், வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொண்டுவந்தார் என்று அந்த மாத்திரையைச் சாதாரணமாக வாயில் போட்டுக்கொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். குடும்பத்தில் சர்க்கரை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

அப்படியானால் முதலில் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். முர்சியாவில் தாமதச் சாப்பாடு எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோதும் சர்க்கரையைக் கூட்டியது. ஜி உள்ளவர்களுக்குக் கூடுதலாக. சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்னும்போது, அந்தக் காசுக்கு நல்ல கொசுவலை வாங்கலாம்.

மரபணு என்றதும் கைகளைக் கட்டிக்கொள்பவர்களுக்கு இன்னொரு செய்தி இருக்கிறது. சர்க்கரை நோயோடு மிக வலுவாகத் தொடர்புள்ள பொது மரபணு வகை 2006-இல் ஐஸ்லாந்தில் டிகோட் நிறுவனம் கண்டுபிடித்த டிசிஎஃப்7எல்2. சென்னையில் நடந்த ஆய்விலும் நம் மக்களிடம் அது நோயோடு சேர்ந்திருப்பது உறுதியானது. அதே 2006-இல் அமெரிக்காவின் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இருந்த 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த வகையைத் தேடிப் பார்த்தார்கள். அதன் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களுக்கு நோய் வரும் வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் எடை குறைத்து, நடந்து, உணவை மாற்றிய குழுவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து கிட்டத்தட்டக் கரைந்துபோயிருந்தது. மரபணு அப்படியே இருந்தது, அது பேசுவதற்கான சூழல் போய்விட்டது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்தியத் தடுப்புத் திட்டத்திலும், சராசரியாக 46 வயதுள்ள 531 பேரில், வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஒன்றும் செய்யாத குழுவில் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் நோயாளிகள் ஆகிவிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நம் உடம்பில் இந்த வாசலைத் தாண்டுவது வேகமாக நடக்கிறது.

ஏன் நம் உடம்பில்? புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் 2004-இல் லான்செட்டில் வெளியிட்ட ஒரு படம் இதைச் சொல்லும். அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரின் உடல் நிறை எண்ணும் ஒன்றே, 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிடம் 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நமக்கு வாய்த்தது அந்த உடம்பு. 2023-இல் வந்த ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், அக்காவைப் போல வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் என்றும் கணக்கிட்டது. தாங்கும் சக்தி ஏற்கெனவே குறைவாக இருக்கும் உடம்பில் தூக்கத்தையும் பறிப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

சாப்பாட்டைச் சரிசெய்தால் போதாதா? பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் இரண்டரை லட்சம் நடுவயதினரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த ஒரு ஆய்வு 2024-இல் வந்தது. ஐந்து மணி நேரம் தூங்குபவர்களுக்கு, ஏழெட்டு மணி நேரம் தூங்குபவர்களைவிட, நோய் வரும் வாய்ப்பு 16 சதவீதம் அதிகம். மூன்று நான்கு மணி நேரம் என்றால் 41 சதவீதம். நல்ல உணவு சாப்பிட்டவர்களுக்கு மொத்தத்தில் ஆபத்து குறைவுதான், ஆனால் அவர்களிடமும் தூக்கக் குறைவின் கெடுதல் அப்படியே நின்றது. கீரையால் தூக்கத்தை ஈடுகட்ட முடியவில்லை.

'எனக்கு அஞ்சு மணி நேரம் போதும், பழகிடுச்சு' என்று சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. உண்மையிலேயே குறைந்த தூக்கம் போதும் என்ற மரபணு வகை இருக்கிறது. 2009-இல் கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ குழு ஒரு தாயிடமும் மகளிடமும் டிஇசி2 மரபணுவில் அதைக் கண்டுபிடித்தது. மிக மிக அரிது. மற்றவர்களுக்குப் பழகுவது தூக்கக் கலக்கம்தான், கணையம் பழகுவதில்லை.

பெண்களுக்கு இதில் தனிக் கணக்கு. ஆழ்ந்த உறக்கம் ஆண்களைவிட அவர்களிடம் சற்றுக் கூடுதல் காலம் தாங்கும். ஆனால் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நடுஇரவில் உடம்பு கொதித்து வியர்த்து எழுந்திருப்பது தொடங்கும். நியூயார்க்கில் மேரி-பியர் சான்-ஒஞ்ச் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஒழுங்காகத் தூங்கிவந்த 38 பெண்களின் இரவிலிருந்து ஆறு வாரம் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தது. இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு சுமார் 15 சதவீதம் கூடியது. மாதவிடாய் நின்றவர்களிடம் 20 சதவீதம். எடை கூடியதால் வந்த மாற்றம் இல்லை இது. ஒன்றரை மணி நேரம் என்பது ஆய்வுக்கூடத்துக் கொடுமை ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணும் தினமும் விட்டுக்கொடுப்பது அதுதான்.

குறட்டையையும் விட்டுவிடக் கூடாது. சத்தமாகக் குறட்டை விட்டு, திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறி வாங்குகிறவர்களுக்கு இரவு முழுக்கச் சிகாகோ ஒலிபெருக்கி உள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆழம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை, பிராணவாயுவும் குறைகிறது. பக்கத்தில் படுப்பவர்தான் இதைச் சொல்ல முடியும். சொன்னால் கோபப்படாமல் மருத்துவரிடம் போக வேண்டும். இதற்குச் சோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

இழந்ததைத் திரும்பப் பெற முடியுமா என்பதற்கு, சிகாகோவில் தசாலி 2022-இல் ஒரு நம்பிக்கையான விடை தந்தார். ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேர். அவர்களில் பாதிப் பேரிடம் மட்டும் படுக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு முறை உட்கார வைத்துப் பேசினார்கள், அவ்வளவே. இரண்டு வாரத்தில் அவர்கள் இரவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். யாரும் சொல்லாமலே தினமும் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஆய்வுக்கூடம் இல்லை, சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முடிவில், "எல்லாம் சரிடா, அவரு ஒன்பதேகாலுக்குத்தான வர்றாரு? நான் மட்டும் முன்னாடியே சாப்பிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

பதில் சொன்னது நானில்லை. உள்ளே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அவள் மாமியார். "நான் ஏழரைக்குச் சாப்பிடறப்ப ஒனக்கும் ஒரு தட்டு போட்டுக்கம்மா. அவனுக்கு ஹாட்பேக்ல வெச்சா அவனே எடுத்துப் போட்டுக்குவான். ஒன்பது மணி வரைக்கும் கடையே நடத்துறவனுக்கு ஒரு சப்பாத்தி எடுக்கத் தெரியாதா?"

மாமா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஊறப்போடுவது, காய் நறுக்குவது இரண்டும் பையன் பொறுப்பு என்று அங்கேயே முடிவானது. அவள் சர்க்கரை அளவு எழுதும் நீள நோட்டை எடுத்து, இரண்டே கட்டமாக இருந்த பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னும் மூன்று கோடு போட்டாள்: கடைசி வாய் எத்தனை மணிக்கு, படுத்தது, எழுந்தது. நடுவில் எழுந்த இரவுகளுக்கு ஒரு புள்ளி.

போன வாரம் அந்த நோட்டைப் பார்த்தேன். 109, 104, 111, 106, 103. 111-க்கு நேரே இரண்டு புள்ளி, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'கல்யாண ரிசப்ஷன், பத்தரை' என்று இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, அடுத்தது பொங்கல் கழித்து.